நாலு முழம் நிச்சயதார்த்தம்

அனுபவக் கட்டுரை எழுத வேண்டுமானால் தலை நரைத்திருக்க வேண்டும், வீட்டில் பிரிவு உபசாரச் சால்வை ஒன்றாவது மடித்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. வயது இருபத்தேழு. ஆனால் ஃபிலிம் கேமரா ரிப்பேர் தொழிலிலிருந்து நான் முழுமையாக ஓய்வு பெற்றவள். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரும்பு வளையங்களை அளந்துகொண்டிருக்கிறேன். வளையங்கள் பேசாது. அது பெரிய நிம்மதி.

எழுதத் தூண்டியது ஜெனிஃபர். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி. போன வாரம் கம்பெனி பஸ் ஊத்துக்கோட்டை தாண்டியதும் என் பக்கத்து சீட்டுக்கு வந்து, பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பழைய கேமராவை எடுத்தாள்.

"அக்கா, நீங்க கேமரா டாக்டரா இருந்தீங்களாமே? இதுல ஷட்டர் ஜாம்க்கா. வீடியோல பாத்தேன், லீவரை நல்லா இழுன்னு ஒருத்தன் சொல்லிக்கினு இருந்தான்."

"இழுத்தியா?"

"இழுத்தேன்."

"இன்னா ஆச்சு?"

"கைக்கு வந்துருச்சு." துணிக்குள்ளிருந்து லீவரைத் தனியாக எடுத்துக் காட்டினாள்.

இந்தத் தலைமுறைக்கு யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். ஜெனிஃபருக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம்.

நான் தொழிலுக்கு வந்த கதை சின்னது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தேன். அந்தப் படிப்பில் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் திருகாணியை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரைவேன். பிறகு பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கிப் பிரித்தேன். மாட்டினேன். சில பாகங்கள் மீந்தன. அதோடு பயிற்சி முடிந்தது.

மணவாள நகரில் ஸ்டெல்லா அக்கா செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். கடம்பத்தூர்க்காரர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் சோல்டரிங் லைனில் நின்று, சூப்பர்வைசரின் கத்தலைக் கேட்டுக் கேட்டு, இனிமேல் கத்தினால் நானே கத்திக்கொள்கிறேன் என்று கடை போட்டவர். அவரிடம் நான் கேமராவோடு போய் நின்றேன்.

"இதெல்லாம் வாணாம்னு பரண்ல தூக்கிப் போட்டது. இப்ப பசங்க வைப்பு வைப்புன்னு சொல்லிக்கினு தேடுறானுங்க. வைப்புன்னா இன்னாடி இஞ்சினீரு?"

"அது இங்கிலீஷ் 'வைப்'க்கா. ஒரு மாதிரி உணர்வு."

"உணர்வுக்கு பில்லு போடலாமா?"

"போடலாம்க்கா."

"அப்ப போர்டு எழுது."

எழுதினேன். 'ஷட்டர் ஜாம் சரிசெய்து தரப்படும்.' மறுநாள் காலை முதல் வாடிக்கையாளராக அரிசி மண்டிக்காரர் ஒருவர் வந்தார்.

"பாதில நின்னுடுச்சும்மா. மேலயும் போவல, கீழயும் வரல."

"எந்த மாடல் சார்?"

"மாடலா? பத்தடி அகலம்."

நான் மன்னிப்புக் கேட்டு விளக்கத் தொடங்குவதற்குள் ஸ்டெல்லா அக்கா கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டார். "ஷட்டர்னா ஷட்டர்தான். தொறக்கணும், மூடணும். அதுக்கு மேல இன்னா கீது?" என்று திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார். நான்கு வருடப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாக எதையும் எனக்கு வரையறுத்துச் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவின் தொழில்முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரா வந்ததும் இரண்டு கையாலும் வாங்குவார். காதருகே வைத்துக் கேட்பார். உள்ளே கேட்க ஒன்றுமில்லை. ஜாம் ஆன கேமரா சத்தம் போடாது, அதுதான் அதன் நோயே. ஆனாலும் கேட்பார். பிறகு கண்ணை மூடித் திறந்து, "தூங்கிக்கினு கீது," என்பார். உடைந்துவிட்டது, கெட்டுவிட்டது என்ற சொற்களுக்குக் கடையில் இடமே இல்லை. சாதாரணப் பழுது என்றால் தூக்கம். பெரிய பழுது என்றால் நல்ல தூக்கம். உதிரி பாகத்துக்கு மட்டும்தான் ஆகும் என்றால், "கர்த்தருக்குள்ள தூங்கிருச்சு" என்று குரலைத் தாழ்த்துவார். வாடிக்கையாளர்களில் சிலர் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

என் முறை வேறு. ஜெனிஃபர், இதைக் கவனி. முதலில், எதையும் இழுக்காதே. ஜாம் என்று வரும் கேமராக்களில் பாதிக்கு மேல் ஜாமே ஆகியிருக்காது. சிலவற்றில் பட்டனைச் சுற்றி ஒரு பூட்டு வளையம் இருக்கும், கை பட்டுத் திரும்பியிருக்கும். சிலர் ஃபிலிமை நகர்த்தும் லீவரை முழுக்கத் தள்ளாமல் பாதியில் விட்டிருப்பார்கள். அது போக வேண்டிய தூரம் போனால்தான் பட்டன் இறங்கும். தானாகப் படம் எடுக்கும் டைமர் பாதி ஓடி நின்றிருக்கும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்த ஒரு பையனுக்கு அந்தப் பூட்டு வளையத்தைத் திருப்பிவிட்டேன், 'சடக்' என்று வேலை செய்தது. "அவ்ளோதானா?" என்றான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம், "அவ்ளோதான்னு எப்டி சொல்றது? ரெண்டு நாளு அப்சர்வேஷன்ல இருக்கட்டும்," என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு நாள் ஸ்ரீவத்ஸன் தன் அக்கா வைதேகிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தான்.

ஸ்ரீவத்ஸன் எங்கள் தலையாய வாடிக்கையாளன். திருவள்ளூரில் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். விடியற்காலையில் அப்பாவுக்கு உதவியாகச் சன்னதி. மற்ற நேரமெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். டிஜிட்டல் என்றால் முகத்தைச் சுளிப்பான். ஃபிலிம்கூட எங்கள் கடை ரோல்தான் வாங்குவான். அதாவது, ஸ்டெல்லா அக்கா சினிமா ஃபிலிமைப் பெரிய டப்பாவாக வாங்கி, இருட்டில் வெட்டி, சின்ன டப்பிகளில் சுற்றி, மேலே 'முப்பத்தாறு படம்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்.

வைதேகி கேமராவைக் கவுண்ட்டரில் வைத்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்ப்பவள். ஆளை நேராகப் பார்த்துப் பேசுவாள்.

"என் நிச்சயதார்த்தம் இதுக்குள்ள மாட்டிண்டிருக்கு. எடுத்துக் குடுங்கோ."

அக்கா கேமராவைக் காதில் வைத்தார். "தூங்கிக்கினு கீதும்மா."

"கொடுத்து வெச்சது. எங்காத்துல நாலு நாளா யாரும் தூங்கலை."

நடந்ததை அவளே சொன்னாள். விழாவுக்குப் பேசியிருந்த போட்டோகிராஃபரைத் தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தானே ஃபிலிமில் எடுப்பதாகப் பொறுப்பேற்றான். அதோடு விட்டானா?

"வாசல்ல பித்தளை வாளியை வெச்சுண்டு நின்னான். உள்ள வர்றவா எல்லாரும் போனை அதுல போடணுமாம். 'போன் இல்லாத நிச்சயதார்த்தம், எல்லாரும் அந்த நிமிஷத்துல வாழணும்'னான். எனக்கு மாமியாரா வரப்போறவா போனைக்கூட விடலை."

"அழகா இருந்ததே அக்கா, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிண்டு..." என்றான் ஸ்ரீவத்ஸன்.

"எல்லாரும் உன்னைப் பத்திதான்டா பேசிண்டிருந்தா."

ஆக, மோதிரம் மாற்றியது, பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டது, எல்லோரும் சேர்ந்து நின்றது, எதற்கும் வேறு படம் கிடையாது. மாப்பிள்ளை மறுநாளே வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். அவருடைய அம்மா தினமும் காலையில் போன் செய்து படம் கேட்கிறார்.

"ப்ராசஸ்ல இருக்குன்னு சொல்லச் சொல்றான் இவன். ஆபீஸ்ல இன்க்ரிமென்ட் கேக்கறவாளுக்கு நான் சொல்ற வார்த்தை அது. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? மாமி இன்னிக்கு என்ன கேட்டா தெரியுமா? 'போட்டோவே இல்லாத நிச்சயத்தை நிச்சயம்னு எப்படிம்மா நாலு பேர்ட்ட சொல்றது'ன்னா."

"ஃபிலிம்னா காத்திருக்கணும் அக்கா. அதுதான் அதோட..."

"வைப்புன்னு சொன்னே, அறைஞ்சுடுவேன்."

நான் கேமராவைக் கையில் எடுத்தேன். லீவர் நகரவில்லை, பட்டன் இறங்கவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே ஏறியபடி நின்றுவிட்டது. உடனே லென்ஸ் மூடியைப் போட்டேன். கண்ணாடி மேலே நிற்கும்போது ஃபிலிமுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கறுப்புத் துணித் திரைதான். திரை எவ்வளவு திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மூடியை லேசாக விலக்கி, டார்ச்சின் மெல்லிய ஒளியை ஒரு கணம் காட்டிப் பார்த்தேன். திரை கிளம்பிய இடத்திலேயே, திறக்காமல் நின்றிருந்தது. நல்ல காலம்.

அடுத்து, ஃபிலிமைப் பத்திரமாக வெளியே எடுக்க வேண்டும். கேமராவின் அடியில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் ஃபிலிம் மறுபடி டப்பிக்குள் போய்விடும். சுற்றினேன். முதலில் கரகரவென்று ஏதோ உரசியது. பிறகு சட்டென்று லேசாகிவிட்டது. முழு ரோலுக்கு இவ்வளவு சீக்கிரம் முடியக்கூடாது. அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

பின்மூடியைத் திறந்தேன். துணித் திரை சுருளும் உருளையின் ஓரத்தில் நகத்துணுக்கு மாதிரி ஏதோ செருகியிருந்தது. திரையில் படாமல் சாமணத்தால் பிடித்து, அது போன வழியிலேயே திருப்பி இழுத்தேன். வந்தது. 'சடக்'. திரை ஓடியது, கண்ணாடி இறங்கியது. ஷட்டர் சரியாகிவிட்டது.

"இந்தத் துண்டுதானா நாலு நாளா எங்களை ஆட்டி வெச்சது?" என்று வைதேகி அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரு சதுர ஓட்டையின் பாதி தெரிந்தது. ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் ஒன்று. பல்சக்கரம் அந்த ஓட்டைகளைப் பிடித்துத்தான் ஃபிலிமை நகர்த்தும். ஓட்டை கிழிந்தால் சக்கரம் சுற்றும், எண் ஏறும், பட்டன் இறங்கும். ஃபிலிம் மட்டும் நகராது.

"நடுவுல லீவர் டைட் ஆச்சா?" என்று ஸ்ரீவத்ஸனைக் கேட்டேன்.

"ஆச்சு. ஆனா முப்பத்தாறுன்னு ஒட்டியிருந்ததே, இன்னும் நிறைய இருக்கேன்னு அழுத்தித் தள்ளினேன். ஏதோ சத்தம் கேட்டது. அப்புறம் வெண்ணெய் மாதிரி போச்சு. பெருமாள் சரி பண்ணிட்டார்னு நினைச்சேன்."

ஃபிலிம் தீர்ந்து நின்றிருக்கிறது. இவன் இழுத்துக் கிழித்திருக்கிறான். கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு சீக்கிரம் ஏன் தீர்ந்தது? ஸ்டெல்லா அக்காவைக் கடையின் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, ரோல் எவ்ளோ நீளம் வெட்டுவீங்க?"

"நாலு மொழம்."

"முழமா?"

"பின்ன? லைட்டு போடக்கூடாதுன்னு நீதான சொன்ன. இருட்டுல ஸ்கேல் இன்னா உனக்குக் கண்ணு வச்சுக்கினு கீதா? கைதான் கணக்கு. எங்கம்மா கடம்பத்தூர் ஸ்டேஷன்ல பூ அளந்த கணக்கு."

திரைச்சீலை விலகியது. வைதேகி நின்றிருந்தாள்.

"பூக்காரி முழமா?"

பூ வாங்குகிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூக்காரரின் முழம் முழங்கையில் தொடங்காது, கொஞ்சம் தள்ளித் தொடங்கும். விரல் நுனியில் முடியாது, அதற்கு முன்பே விரல் மடங்கிவிடும். வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கொசுறு என்று ஒன்று இருக்கிறது.

"எங்கே, போட்டுக் காட்டுங்கோ," என்றாள் வைதேகி. கவுண்ட்டரில் கிடந்த சார்ஜர் ஒயரை எடுத்து நீட்டினாள். அக்கா முறைப்படி ஒரு முழம் போட்டார். பழக்க தோஷம், விரல் தானாக மடங்கியது. வைதேகி அதே ஒயரில் தன் கையை வைத்து அளந்தாள். இரண்டு முழத்துக்கும் இடையில் ஒரு கொத்து மல்லிகை வைக்கலாம்.

"எங்கம்மா கையப் பத்திப் பேசாதம்மா," என்றார் அக்கா. "அவங்க மொழத்தைத் தலைல வச்சிக்கினுதான் இந்த ஊரே கல்யாணம் பண்ணுச்சு."

"பூவுக்குக் கொசுறாவது ரெண்டு கண்ணி போடுவா. நீங்க அதையும் போடலையே."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. அவரைத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் ஜாம் அதுதான்.

ஃபிலிமைக் கழுவினோம். உலர்த்தக் கொடியில் தொங்கவிட்டபோது வைதேகி பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பக்கத்தில் தம்பி.

"இது என்னடா?"

"வாசல்ல விட்ட செருப்பு."

"இது?"

"அதே செருப்பு. நிழல் மாறியிருக்கு பாரு."

"இது வாளியா?"

"உள்ள போன் எல்லாம் மின்னறது பாரு. என்னோட பெஸ்ட் ஷாட்."

வாழை இலை. டவராவின் விளிம்பு. ஜன்னல் கம்பி. மறுபடி செருப்பு.

"மனுஷா யாராவது இருக்காளா இதுல?"

"மனுஷாளையெல்லாம் கடைசில, ட்ரைபாட் போட்டு, ஒரே இடத்துலேர்ந்து எடுத்தேன் அக்கா. மோதிரம், தட்டு, குரூப் எல்லாம்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. அவனுக்கும் புரிந்துவிட்டது. ஃபிலிம் நகராமல் நின்ற பிறகு எடுத்ததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஃபிலிமின் கடைசிப் படக் கட்டத்தில் விழுந்திருக்கிறது. செருப்புக்கு ஒரு ரோல், வம்சத்துக்கு ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் பெரிதாக்கினேன். கூடத்தில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் முழுதாக எரிந்துபோகாமல் தப்பியிருந்தது. தூண் தெரிந்தது, சமுக்காளம் தெரிந்தது. மனிதர்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புகை. ஒரு புடவைக்குள் இன்னொரு வேட்டி, ஒரு தலைக்குள் மூன்று தலை. மோதிரம் போடும் கை எங்கிருந்தோ வந்து எங்கோ போனது. நகர்ந்தவர்கள் யாருமே தேறவில்லை.

நடுவில் ஒரே ஒருவர் மட்டும் சிலை மாதிரித் தெளிவாக உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை மடிப்பு, மூக்குத்தி, கட்டிய கை, இறுகிய உதடு எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. போனை வாளியில் போட்ட கோபத்தில் விழா முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு அசையாமல், யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் அதே இடம், அதே முகம். படத்துக்குப் படம் இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டார்.

"மாமி," என்றாள் வைதேகி மெதுவாக.

அக்கா லேப்டாப்பிடம் குனிந்து, "கொஞ்சம் தூங்கிக்கினு..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, வேணாம்," என்றேன். பிறகு வைதேகியிடம் திரும்பினேன். "இதுக்கு மேல இதுல ஒண்ணும் வராதுங்க. ரோல் எங்களோடது, நீளம் கம்மி. உங்க தம்பி இழுத்துக் கிழிச்சது அதுக்கப்புறம்தான். எதையும் திருப்பி எடுக்க முடியாது."

அவள் பூதக்கண்ணாடியைக் கவுண்ட்டரில் வைத்தாள். "இதை நேராச் சொல்ற ஆளை நாலு நாளா தேடிண்டிருந்தேன்," என்றாள். "உனக்கு அளக்க வருமா? ஸ்கேல் வெச்சு?"

"மெக்கானிக்கல்ங்க."

"எங்க கம்பெனில குவாலிட்டில ஆள் தேடறா. ரெஸ்யூமே அனுப்பு."

"என் கடையில நின்னுக்கினு என் ஆளையே தூக்குறியே, நல்லா இருக்காம்மா?" என்றார் அக்கா.

"கொசுறுன்னு வெச்சுக்கோங்கோ," என்றாள் வைதேகி.

பிறகு போனை எடுத்து, லேப்டாப் திரையில் இருந்த அந்தப் படத்தை அப்படியே பிடித்து அனுப்பிவிட்டாள். ஸ்ரீவத்ஸன் அலறினான். "யாருக்கு அனுப்பினே?"

"கேட்டவாளுக்கு. பொய் சொல்லி நாளைக்கு மாட்டிக்கறதுக்கு இன்னிக்கே திட்டைக் கேட்டுக்கலாம். சம்பந்தம் நிலைக்கறதுன்னா நிலைக்கட்டும், உடையறதுன்னா உடையட்டும்."

அவள் குரல் திடமாகத்தான் இருந்தது. போனை மட்டும் கவுண்ட்டரில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அக்கா சத்தமில்லாமல் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

போன் அடித்தது. வைதேகி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வைதேகி, போட்டோ பாத்தேன்," என்றார் மாமி. "சுத்தி என்னடி புகை? அன்னிக்கு ஹோமம் ஒண்ணும் வளக்கலையே."

"புகை இல்லை மாமி. அதெல்லாம் மனுஷா."

"நீ எங்கே?"

"உங்க இடது தோளுக்கு மேல, வெள்ளையா. அதுல கொஞ்சம் உங்க பிள்ளையும் இருக்கார்."

ஸ்ரீவத்ஸன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். எந்தப் பாசுரம் என்று தெரியவில்லை.

"என் கல்யாண போட்டோலயே எனக்கு இப்படி அமையலைடி," என்றது மாமியின் குரல். "அதுல எங்க மாமியார்தான் தெளிவா இருப்பா. நான் ஓரத்துல பாதி முகம். இதைப் பெரிசாப் போட்டு ஹால்ல மாட்டப்போறேன். நிச்சயத்துல எடுத்ததுன்னு எல்லார்ட்டயும் சொல்லலாம்."

வைதேகி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கும் உன் தம்பியே எடுக்கட்டும்," என்றார் மாமி. "எந்த நாற்காலின்னு மட்டும் முன்னாடியே சொல்லச் சொல்லு."